அதே வேர்கள்

"அதே படம் மறுபடியும் வந்திருக்கு, மேடம்."

ஆய்வு மாணவன் சோடாபுட்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேராசிரியை சிரிக்கவில்லை.

கடுங்குளிர்க் கலனுக்குள் ஒரு மின்னணுச் சில்லு. அதைத் தொடாமல் மேலே ஊரும் ஊசி. ஊசி குறுக்கே வரும் இடத்தில் எலெக்ட்ரான்கள் தடுமாறும், மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுகளைச் சேர்த்தால் அவை ஓடும் பாதை படமாகும், மரத்து வேர்போல. சில்லு சூடேறிக் குளிர்ந்தால் பழைய பாதை அழிந்துவிடும். போன வாரம் மின்சாரம் போய்க் கலன் சூடேறியிருந்தது. பிறகு அதே வேர்கள் எப்படி வரும்?

ஊசி ஓடியபோதெல்லாம் பேராசிரியையும் பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"பழைய படத்தையே எடுத்து ஒட்டிட்டியாப்பா? காப்பியடிக்கவும் கொஞ்சம் மூளை வேணும்."

பொய் என்று முடிவானால் அவன் பட்டம் போச்சு. அவன் கெஞ்சவில்லை. வேறு சில்லைப் போட்டு அவரே ஓட்டிப் பார்க்கட்டும், அதுவரை கட்டடத்துப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேராசிரியை புதுச் சில்லைக் குளிரவைத்து, தனியாக உட்கார்ந்து ஊசியை ஓடவிட்டார். திரையில் வரிவரியாக அதே வேர்கள் முளைத்தன. ஊசியை மாற்றினார். அதே வேர்கள். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பினார். யாருமில்லை.

அவன்மேல் தப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கணவர் மூளை அறுவை மருத்துவர். வேலைக்குக் கிளம்பியவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே குனிந்து, யாருடைய ஸ்கேன் என்று கேட்டார். ஆளே இல்லை, தூசியைவிடச் சின்னச் சில்லு என்றார் மனைவி.

"சில்லுக்கு ஏது மூளை ரத்தக்குழாய்? இங்க பாரு, பலூன் மாதிரி உப்பியிருக்கு. எப்ப வேணா வெடிக்கும். ஆளை உடனே கூட்டிட்டு வா."

பேராசிரியைக்கு மாணவன் நினைவு வந்தது. ராப்பகலாக அந்தக் கலனைக் கட்டிக்கொண்டு கிடந்தவன் அந்தப் பையன்தானே. கார் சாவியைத் தேடிக்கொண்டே அவனைப் போனில் அழைத்தார். மருத்துவர் சொன்னதைச் சொல்லி, இருக்கிற இடத்தைவிட்டு அசையாதே, தலையைக்கூட ஆட்டாதே, நான் வருகிறேன் என்றார்.



"கடைசியா அந்தப் படம் வந்தப்போ நான் அங்க இல்லையே, மேடம்," என்றான் அவன் மெதுவாக. "நீங்க கொஞ்சம் உட்காருங்க. வண்டி ஓட்டாதீங்க."