மேடு தாண்டும் வீல்

"பெரிய வீல் போட்டா பிக்கப் பூடும், அண்ணாத்தே. ஸ்போர்ட்ஸ் காருக்கு அழகே தரையோட ஒட்டிக்கினு பறக்கறதுதான்" என்றார் அம்பத்தூர் மெக்கானிக் துலுக்கானம்.

"பறக்க வாணாம். அடியில இடிக்காம போனா போதும்" என்றான் உலகநாதன். லேத் பட்டறை வைத்து முன்னேறியவன். அந்தப் பழைய சிவப்புக் காரைப் போன வாரம்தான் வாங்கியிருந்தான்.

"அப்படி எங்க இடிக்குது?"

"எங்க ஊர்ல ஒரு தெருவுல. நான் கார் வாங்கின சேதி தெரிஞ்ச மறுநாளே அந்தத் தெருக்காரனுங்க குறுக்கால மேடு கட்டிக்கீறானுங்க."

"உங்க ஊட்டுக்குப் பின்பக்கமா ஒரு ரோடு கீதுன்னியே, அதுல சுத்திக்கினு போயேன்!"

"சுத்திக்கினு போறதுக்கா கார் வாங்கினேன்? போடு பெரிய வீலை!"

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் இடிக்காமல் மேட்டில் ஏறி இறங்கியது. அந்தத் தெருவில் உலகநாதன் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினான். வாசல்தோறும் ஆட்கள் எழுந்து நின்று முறைத்தார்கள்.

பக்கத்து இருக்கையில் அப்பா வேம்புலி. அந்தத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் செய்கிறபடியே, இன்றும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

உலகநாதன் நடுத்தெருவில் காரை நிறுத்தினான்.

"அதைக் கால்ல மாட்டு, நைனா. இங்கேர்ந்து நடந்தே போலாம்."