நான்கு மணி இரண்டு நிமிடம்

நகர கவுன்சில் அனுப்பிய அபராதக் கடிதத்தை வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்தது நான்தான்.

வேண்டுமென்று இல்லை. கால்சட்டைப் பையில் இருந்தது. நாற்பது டிகிரி, ஒன்றே முக்கால் மணி நேரம். வெளியே எடுத்தபோது கடிதம் ஓட்ஸ் கஞ்சி பதத்தில் இருந்தது. கால்சட்டைக் கறை மட்டும் அப்படியே இருந்தது.

துணி துவைக்க ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது. அறுபத்து மூன்று வயதில் இதற்குமேல் வேகம் வராது.

நான் செய்த குற்றம், பஸ்ஸுக்கு மட்டுமான தடத்தில் கார் ஓட்டியது. ஸ்டேஷன் சாலையில் மாலை நாலு மணி முதல் ஆறரை வரை அதில் கார் போகக் கூடாது. கம்பத்துக் கேமரா என்னைப் பிடித்த நேரம் நான்கு மணி இரண்டு நிமிடம்.

கடிதம் கரைந்ததோடு பணம் கட்டும் கெடுவும் கரைந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அடுத்த கடிதம் வந்தது. வசூலிக்க ஆள் வரும் என்று எழுதியிருந்தார்கள். வரட்டும், டீ போட்டுத் தரலாம்.

அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னை உட்கார விடவில்லை. கெடு தாண்டிவிட்டதால் கேமரா படத்தை இனி நான் இணையத்தில் பார்க்க முடியாது. பணம் கட்டி விஷயம் முடிந்தால் அழித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு நொடிப் படம். அதை யாராவது பார்த்து எனக்கு ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும்.

காலை ஒன்பதிலிருந்து கவுன்சிலுக்குப் போன் போட்டபடி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நான்கு முறை தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஒரு முறைகூட டீ போடவில்லை.

முதலில் எடுத்தவர் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டாமவர் என் பொறுமைக்கு நன்றி சொன்னார், இல்லாத ஒன்றுக்கு. மூன்றாமவர் சரியான ஆளிடம் மாற்றுவதாகச் சொல்லி முதலாமவரிடமே மாற்றிவிட்டார். நடுநடுவே காத்திருக்கச் சொல்லி வயலின் இசை.

பதினொன்றே முக்காலுக்கு ஷெரில் என்பவர் லைனில் வந்தார். வாயில் பிஸ்கட் இருந்தது.

"வண்டி நம்பர் சொல்லுங்க கண்ணு."

சொன்னேன். தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆங், வந்துருச்சு. வெள்ளிக் கலர் வண்டி. ரெண்டு நிமிஷம்தானேன்னு சண்டைக்கு வந்தீங்களா? தினம் பத்துப் பேர் வர்றாங்க."

"சண்டை எல்லாம் இல்லீங்க. முழுசா கட்டிடறேன், கார்டு கையிலயே இருக்கு. அதுக்கு முன்னாடி அந்தப் படத்த ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. பக்கத்து சீட்ல இருக்கறவங்க சிரிக்கிறாங்களா?"

பிஸ்கட் நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்தது என் மனைவி மோய்ரா. பின்சீட்டில் அவளுடைய இரண்டு பெட்டிகள். ஸ்கார்பரோ ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள், திரும்பி வர டிக்கெட் எடுக்காமல்.

வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காருக்குள் ஒரே மௌனம். எனக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. பாதிரியாரும் புல் வெட்டும் மெஷினும் ஜோக்கை எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் முன்பு அதைக் கேட்டுத்தான் அவள் குடித்த லெமனேட் மூக்கு வழியாக வந்தது. அடுத்த வாரமே மோதிரம் வாங்கினேன்.

என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவன் நான்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிடும், காது அடைத்துவிடும். துடைத்துக்கொண்டு பார்த்தபோது வண்டி பஸ் தடத்தில் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஸ்டேஷனில் பெட்டிகளை அவளே இறக்கினாள். "வெள்ளத் துணியத் தனியாப் போடு, நெவில்." அவ்வளவுதான்.

ஆறு வாரமாக அவள் போன் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அன்றைக்கு அவள் சிரித்திருந்தால், கூப்பிட எனக்கு ஒரு வழி இருக்கிறது.

இதில் பாதியை ஷெரிலிடம் உளறினேன்.

"இதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது."

"தெரியும்."

"லைன்லயே இருங்க."

பன்னிரண்டு நொடி. வாசலிலிருந்து சமையலறைக்குப் போய்த் திரும்பினேன். மறுமுனையில் மறுபடி ஒரு தட்டல். இன்னொரு பன்னிரண்டு நொடி. மறுபடி ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. நடப்பதை நிறுத்தினேன்.

"கண்ணு, உள்ளத உள்ளபடி சொல்லட்டுமா?"

"காலையிலேர்ந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அவங்க சிரிக்கல. நீங்க ஸ்டியரிங் மேல கவுந்து சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. அவங்க கைய நீட்டி முன்னாடி இருக்கற போர்டக் காட்டறாங்க, பஸ் தடம், நாலு மணின்னு போட்டிருக்கே, அத. ஏதோ சொல்றாங்க. உங்க தோளத் தட்டி மறுபடி காட்டறாங்க. அப்புறம் கைய எறக்கி மடியில வச்சுக்கிட்டாங்க."