தினமும் துடைத்த கார்

வேலம்பாளையம் பட்டறையில் சாய்வெயில் பட்டு, கறுப்புக் காரின் பானெட்டில் மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாய் மின்னுகின்றன. பாலிஷ் மெஷினை அணைத்துவிட்டு மாரிச்செல்வம் சிறு கருவியை வைத்துப் பெயிண்டின் கனத்தை அளக்கிறான். "இதுக்கு மேல தேய்ச்சா பெயிண்டே போயிரும்ணே. மிச்சக் கீறல் இருந்துட்டுப் போகட்டும்." பனியன் கம்பெனி முதலாளி தனபால் குனிந்து பார்க்கிறார். "தினமும் காத்தால நானேதானுங்க தம்பி தொடைக்கறேன். வேற ஒருத்தரையும் தொட விடறதில்லீங்க." "எதை வச்சுண்ணே?" "நம்ம கட்டிங் வேஸ்ட்டுத் துணிதானுங்க. பஞ்சாட்டம் இருக்கும்." "தண்ணி ஊத்தாம, தூசியோடவா?" பானெட்டின் ஓரத்தில் பாலிஷ் தூள் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. சட்டைப்பையிலிருந்து பனியன் துண்டை எடுத்த தனபாலின் கை, பழக்கத்தில் அதை நோக்கி நீள்கிறது. பாதியில் நிற்கிறது. பிறகு அந்தத் துண்டால் மெதுவாகத் தன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.