நாலு விரல்

வீடு தெருப்பக்கம் சாய்ந்து நின்றது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். நாலு மாடி. அகலமோ ஊர் மளிகைக்கடை அளவுகூட இல்லை. செங்கல் சுவர், உயர உயரமான ஜன்னல்கள். உச்சியில் ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இரும்புக் கொக்கி.

பக்கத்து வீடும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கால்வாய்த் தண்ணீரில் முகம் பார்ப்பதுபோல் தெரு முழுக்கக் குனிந்திருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் அவளுக்கு இது முதல் காலை.

இரண்டு வருடம் முன்பு மகன் முத்தரசன் அனுப்பிய போட்டோவில் இதே வீடு இருந்தது. சுவர் சாய்ந்திருக்கிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

"சொவரு நேராத்தான் இருக்கு. உம் மவன் கைதான் சாஞ்சிருக்கும்" என்றார் அவர்.

முப்பது வருடக் கொத்தனார். அவரிடம் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கப் போய் அவரையே கட்டிக்கொண்டவள் அவள். சுவர் விஷயத்தில் அவரை ஒருநாளும் ஜெயித்ததில்லை. மனிதர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எந்தக் கொத்தனாராவது சுவரைச் சாய்த்துக் கட்டுவானா, நேரில் போய்த் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடுவோம் என்று சவால் விட்டார். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் இருவருமாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார்கள்.

தபாலில் அது வந்த அன்று அவருக்குப் பதினாறாம் நாள் காரியம்.

அவள் பையைத் திறந்தாள். அவர் துண்டில் சுற்றிவைத்திருந்த தூக்குக்குண்டை எடுத்தாள். நூலில் இன்னும் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"அம்மா, அடுத்தவங்க வீடும்மா."

"புடிடா."

முத்தரசன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் நூலின் மேல் நுனியிலிருந்த சின்ன மரக்கட்டையைத் தலைக்கு மேலே சுவரோடு சேர்த்துப் பிடித்தான். நூல் இறங்கியது. கால்வாய்க் காற்றில் குண்டு ஆடியது.

ஆட்டம் அடங்கட்டும், அவசரப்படாதே என்பார் அவர்.

அவள் குத்தவைத்துக் காத்திருந்தாள்.

அடங்கியது.

குண்டுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாக நுழைந்தது.

ஜெயித்துவிட்டாள்.

'பாத்தீங்களா' என்று வாயெடுத்தபடி வலப்பக்கம் திரும்பினாள். வேலையில் அவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார்.

யாருடைய சைக்கிளோ சாத்தியிருந்தது.

அவர் அவளுக்கு வேண்டும்போல் இருந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காவது. வீம்பாக மீசையைத் தடவிக்கொண்டு, தோற்றதை ஒத்துக்கொள்ளாமல், அங்கே நிற்க வேண்டும்போல் இருந்தது.

"வேணும்னேதாம்மா இப்படிக் கட்டிருக்காங்க" என்றான் முத்தரசன், கட்டையைப் பிடித்தபடியே. "உள்ள படி ரொம்பக் குறுகல். கட்டில், பீரோ எல்லாத்தையும் அந்தக் கொக்கியில கயிறு போட்டு வெளிப்பக்கமாத்தான் ஏத்துவாங்க. சொவத்துல இடிக்கக் கூடாதுல்ல."

அவள் விரல்களை வெளியே எடுத்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. அப்பா தோத்துட்டாரு."

அவள் எழுந்தாள். கட்டையை வாங்கி, நூலைச் சுற்றி, குண்டைத் துண்டில் பொதிந்து பைக்குள் வைத்தாள். மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"சொவரு நேராத்தான் இருக்கு" என்றாள். "உங் கைதான் சாஞ்சிருக்கு."