இருவரும் ஒருவரே

“கையெழுத்துப் போட முடியாதுங்க மேடம்” என்று பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார் பஸ் டிரைவர்.

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டு புரோக்கருக்கு முகம் செத்துவிட்டது. ஊர் பூராவும் பஸ்ஸுக்குப் பின்னால் விளம்பரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிற முகம் அது. கீழே மூன்றே எழுத்தில் பெயர், அதற்கும் கீழே போன் நம்பர். டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸின் முதுகிலும் இதே பல்தான்.

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க?” வக்கீலம்மா பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். “ஊர்ல இவரோட அம்மா தன்னந்தனியா இருக்காங்க. இங்க கூட்டிக்கிட்டு வர எல்லாம் ரெடி. அவங்க பேப்பர்ல மகன் பேர் ஒண்ணா இருக்கு, இவர் பாஸ்போர்ட்ல வேற பேரா இருக்கு. இவரும் அந்த மகனும் ஒரே ஆள்தான்னு, சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர் சத்தியம் பண்ணணும். வெள்ளிக்கிழமை தாண்டினா விசா ஆபீஸ்ல ஃபைலை மூடிடுவாங்க. பழைய பேர்ல இவரைத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்.”

“தெரியாம என்ன மேடம். ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. ஒரே ஃபிளைட்ல வந்து இறங்கினோம். ஒரு ரூம், ஒரு அடுப்பு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. வேலை தேடிப் போறவன் அதைப் போட்டுக்குவான், இன்னொருத்தன் போர்வைக்குள்ள கிடப்பான்.”

“அப்புறம் என்ன?”

“அந்த ஆள் இவர் இல்லைன்னு இவரேதான் சொன்னார்.”

வக்கீலம்மா புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

“இவரோட புது ஆபீஸ் திறப்பு விழாவுக்குப் போனேன் மேடம். கூப்பிடாமத்தான் போனேன், அது என் தப்பு. ஆளைப் பார்த்த சந்தோஷத்துல பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். பக்கத்துல பேங்க் மேனேஜர். ‘யாரைக் கூப்பிடுறார்?’னு கேட்டார். இவர் என் மூஞ்சியை நேராப் பார்த்து, ‘தெரியலையே, அது நான் இல்லை’ன்னார்.”

புரோக்கர் டையைத் தளர்த்திக்கொண்டார். “பிசினஸ்ல ஒரு இமேஜ் வேணும்ங்க. அந்தப் பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான். எங்க தாத்தா பேரு அது.”

“சார், பெரிய மனசு பண்ணுங்க” என்றார் வக்கீலம்மா டிரைவரிடம். “பழசைக் கிளறாதீங்க. ஒரு வயசான அம்மா விஷயம்.”

டிரைவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “சரி, போடுறேன். ஒரே ஒரு கண்டிஷன்.”

புரோக்கருக்கு உயிர் வந்தது. “சொல்லுங்க சார். நல்ல ரூட்டா மாத்தித் தரச் சொல்லவா? டிப்போ மேனேஜருக்கு வீடு பிடிச்சுக் கொடுத்ததே நான்தான்.”

“ரூட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. வெளியே நம்ம ஜனங்க உட்கார்ந்திருக்காங்க இல்ல? அங்க போய் நில்லுங்க. நான் இந்தக் கதவுகிட்ட நின்னு பழைய பேரை முழுசாச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்து ‘இதோ வர்றேன்’னு சொல்லணும். அவ்வளவுதான்.”

புரோக்கர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்ன குடும்பம் ஒரு பக்கம், தமிழ்ச் சங்கத் தலைவர் ஒரு பக்கம்.

“டேய், வேணும்னே பண்றேடா நீ.”

“பரவாயில்லையே, என்னைத் தெரியுது” என்றார் டிரைவர்.

“வேற என்ன வேணா கேளு. கால்ல விழச் சொல்லு, விழறேன். கதவைச் சாத்திட்டு.”

“கால் எல்லாம் வேண்டாம்.”

ஒரு கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் என்ன ஆட்டம் போடுகிறான் என்று வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோக்கருக்கோ கண் கலங்கிவிட்டது. “அம்மா தினமும் போன் பண்ணி, ‘எப்படா வரணும்’னு கேட்கிறாங்கடா” என்றவர், சட்டென்று எழுந்து வெளியே போனார்.

தண்ணீர் மெஷின் பக்கம் போய் நின்றார். டிரைவர் கதவைத் திறந்து, அப்பா பெயரையும் முன்னால் சேர்த்து, அந்தப் பெயரைக் கணீரென்று கூப்பிட்டார். புரோக்கர் கூரையைப் பார்த்தார். டிரைவர் மறுபடியும் கூப்பிட்டார். புரோக்கர் போனைப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் தலை மெல்லத் திரும்பியது.

“இதோ... வர்றேன்.” வீட்டுப்பாடம் எழுதாத பையனின் குரல்.

இடி ஒன்றும் விழவில்லை. வீடு பார்க்க வரும் குடும்பம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டது. சங்கத் தலைவர் மட்டும், “உங்க பேரா அது? நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி, பாதியில் விட்ட கொட்டாவியைத் தொடர்ந்தார். அவ்வளவுதான் விஷயம் என்று தெரிந்ததும் புரோக்கர் அவரிடமே ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார்.

உள்ளே வந்த டிரைவர் பேனாவைத் திறந்து, சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

முத்திரை குத்திக்கொண்டிருந்த வக்கீலம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. “திருப்தியா சார்? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிப் பழி தீர்த்துக்கிட்டீங்க. அந்த அம்மா முகத்துக்காகவாவது பேசாம போட்டிருக்கலாம்.”

“அந்த அம்மாவுக்காகத்தான் மேடம்” என்றார் டிரைவர். “அவங்க கைச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். மகன் பேரை மாத்தினதே அவங்களுக்குத் தெரியாது. கண்ணும் இப்போ சரியாத் தெரியலையாம். ஏர்போர்ட்ல இறங்கி, அத்தனை கூட்டத்துல நின்னு, அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இவன் பழக்கதோஷத்துல திரும்பிப் பார்க்காம இருந்துட்டான்னா?”