கட்டைவிரல் சத்தியம்

பதினெட்டாம்படிக் கருப்பு சாட்சியாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வலது கால் கட்டைவிரல் என் உடம்பில் தங்காமல் போகட்டும்.

போன சித்திரையில் என் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியபோது எனக்கு நல்ல நினைவு இருந்தது. ஆனையூரில், என் வீட்டில், என் கட்டிலில், மத்தியானம் மூன்று மணிக்கு மல்லாந்து கிடந்தேன். கட்டியவன் என் அக்கா மகன் ஜெயபாண்டி.

"இறுக்கிக் கட்டு மாப்ள. பெறகு கால் விரிஞ்சுரும்" என்றான் பக்கத்து வீட்டுப் பேயாண்டி. நாற்பது வருஷப் பழக்கத்தில் ஒரு நல்ல யோசனைகூடச் சொல்லாதவன்.

எனக்கு இருப்பது தூக்கத்தில் அமுக்குகிற வியாதி. கண் முழித்திருக்கும், காது கேட்கும், கைகால் மட்டும் அசையாது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் பெண்டாட்டி ஒச்சாயி அதைப் பேய் என்று முடிவு கட்டி, தலையணைக்கு அடியில் அரிவாள் வைத்தாள். பேய் போகவில்லை. என் கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

பிறகு பசுமலையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"பேயெல்லாம் இல்லங்கய்யா. கனவுல நீங்க எந்திரிச்சு ஓடிறக் கூடாதுன்னு மூளை ஒடம்பக் கட்டிப் போட்டுரும். சில சமயம் நீங்க முழிச்ச பெறகும் அவுத்து விட மறந்துரும், அம்புட்டுதான். பயந்து முண்டாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. கால் கட்டைவிரல மட்டும் அசைக்கப் பாருங்க, ஒடம்பு தானா விட்டுரும். மல்லாந்து மட்டும் படுக்காதீங்க."

ஒச்சாயி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் காலையிலேயே கருப்பிடம் வேண்டிக்கொள்ள அழகர்கோவிலுக்கும் பஸ் ஏறினாள். விரல் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் இல்லாத தைரியத்தில் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தேன். அமுக்கியது. டாக்டரம்மா சொன்னபடி முண்டாமல் மெதுவாக மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து ஏணி கேட்டு வந்த ஜெயபாண்டி, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் மூக்கில் கை வைத்தான். நான் எவ்வளவு மெதுவாக மூச்சு விட்டேன் என்றால், அவன் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மாமா போயிட்டாரு" என்றான்.

பேயாண்டி ஓடி வந்தான். கண்ணை மூடி, நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார்கள். நான் சித்திரை வெயிலிலும் வீட்டுக்குள் சாக்ஸ் போடுகிறவன், படுக்கும்போதும் கழற்ற மாட்டேன். "சாக்ஸோட அனுப்பக் கூடாது மாப்ள" என்று அதையும் உருவிப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் கட்டு.

வலது விரலை அசைக்க நினைத்தால் இடது விரல் பிடித்து இழுத்தது. வேறு விரலை அசைத்தாலும் பலிக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வைக்கவில்லை.

"ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிட்டேன். செல்லூர் தாண்டிட்டானாம், இந்தா வந்துருவான்" என்றான் ஜெயபாண்டி. "பிளெக்ஸ் கடையில வயசு கேக்குறாய்ங்க. மாமாவுக்கு எம்புட்டு?"

"எழுவத்தஞ்சு போடு" என்றான் பேயாண்டி.

எனக்கு அறுபத்தெட்டு. எழுபத்தைந்து அவனுக்கு.

வாசலில் வண்டி நின்றது. பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி, பிளக் எங்கே என்று கேட்டார்கள். ஜெயபாண்டி மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. மூடியைத் திறந்ததும் குளிர் என் இடது காதில் வந்து தொட்டது.

"பைய, தலையப் பிடி" என்றது ஒரு குரல். நான் உள்ளே கத்தினேன். வெளியே உதடுகூட ஒத்துழைக்கவில்லை. முதுகு கட்டிலை விட்டு எழும்பியது.

அப்போது படலைத் தள்ளிக்கொண்டு ஒச்சாயி வந்தாள். அவள் அழவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"எவன்டா வெரலக் கட்டுனது?"

"மொறைக்குக் கட்டணும்ல அத்தே."

"மொறையாம் மொறை. அவுத்து விடுறா மொதல்ல."

முடிச்சு அவிழ்ந்தது. என் வலது கால் கட்டைவிரல் ஒரு நூல் அளவு அசைந்தது. அப்புறம் பாதம், முழங்கால், இடுப்பு. எழுந்து உட்கார்ந்தேன். நெற்றியிலிருந்த ரூபாய் உருண்டு பெட்டிக்கு அடியில் போனது. அதைத் தேடுகிற சாக்கில் கட்டிலுக்குக் கீழே நுழைந்த ஜெயபாண்டி சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

பேயாண்டி ஒரு டம்ளரில் சீனியைக் கரைத்து என்னிடம் நீட்டினான். ஒச்சாயி அதைப் பிடுங்கி முற்றத்தில் ஊற்றினாள்.

"பொழச்ச மனுசன சீனியக் குடுத்துக் கொன்னுறாதீகண்ணே."

"பிளெக்ஸுல எழுவத்தஞ்சுன்னு அடிச்சுப்புட்டாய்ங்களே மச்சான்" என்றான் பேயாண்டி.

"பத்திரமா வச்சுக்க. வயசு ஒனக்குச் சரியா இருக்கும்" என்றேன்.

அன்று முதல் ஒருக்களித்துத்தான் படுக்கிறேன். என்றைக்காவது அமுக்கினாலும் பதறுவதில்லை, டாக்டரம்மா சொன்னபடி நிதானமாகக் கட்டைவிரலை அசைத்து வெளியே வந்துவிடுகிறேன். சத்தியம் பண்ணினாயே, அந்த விரலைக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.

சர்க்கரை வியாதிக்காக அதை ஆஸ்பத்திரியில் எடுத்து, வருகிற தையோடு ஒன்பது வருஷம் ஆகிறது.