எடுத்த இடம்

நாச்சியாபுரம் தாண்டிய செம்மண் பொட்டலில் வெயில் தாழ்கிறது. கருவேலம் புதர் மறைவில் நானும் வனக்காவலர் யூஜினியாவும் குத்தவைத்திருக்கிறோம். எதிரே ஒரு புல்தூருக்குள், காலையில் அநாதை என்று நான் முடிவுகட்டிக் காப்பாற்றிக்கொண்டுபோன முயல்குட்டி மூச்சு வாங்குகிறது. அதை அட்டைப் பெட்டியில் வைத்துப் படம்பிடித்து, ஊருக்கெல்லாம் அனுப்பி, முப்பது பேரிடம் நல்ல மனுஷன் பட்டம் வாங்கிய பிறகுதான் வனத்துறைக்குப் போன் செய்தேன். "தாய் பகல்ல குட்டிகிட்ட இருக்காது சார். பொழுது சாயத்தான் பால் குடுக்க வரும். நீங்க பாத்தது புள்ள புடிக்கிறவன் வேலை" என்கிறார் யூஜினியா, தணிந்த குரலில். என் விரல்களில் இன்னும் குட்டியின் கதகதப்பு இருக்கிறது. "எடுத்த எடம் இதுதானே?" "சத்தியமா இதேதாங்க." பொட்டலில் புல்தூர் எல்லாம் ஒரே ஜாடையில் இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்கிறேன். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு நீளக் காதுகள் எழும்புகின்றன. தாய் வருகிறது, குட்டியிடம் அல்ல, இருபதடி தள்ளி இன்னொரு தூருக்கு. அங்கே வெறும் புல்லை மோந்து பார்க்கிறது. ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடியும் அதே புல்லை மோந்து பார்க்கிறது. பகல் முழுக்கப் பால் காணாத குட்டியோ இங்கே சத்தமில்லாமல் கிடக்கிறது. எடுத்துப்போய் அங்கே வைத்துவிடலாம் என்று எழப் போகிறேன். யூஜினியா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "எந்திரிச்சா தாய் ஓடிரும். நீங்க இதுவரைக்கும் உதவுனதே போதும் சார், உக்காருங்க."